தழும்பு முந்தியதா, புற்று முந்தியதா?

மேல்நாட்டு வைத்தியர் புற்றுநோய்க்கு இட்ட பெயர் நண்டு என்னும் பொருளுடையது. கட்டியைச் சூழ்ந்து புடைத்து நின்ற நாளங்கள் பண்டைக் கிரேக்கருக்கு நண்டின் கால்களை நினைவூட்டினவாம். தமிழர் வழங்கிய பெயர் வேறு. புற்று என்பது ஓர் உயிரின் பெயரன்று. சிற்றுயிர்கள் தம்மைச் சூழ்ந்த மண்ணை எடுத்துக் கட்டிய மனையின் பெயர். பெயரிட்டோர் யாது கருதி இட்டனரோ அறியோம். ஆயினும் இன்றைய உயிரியல் காட்டும் உண்மைக்கு நண்டைக் காட்டிலும் புற்றே நெருங்கியது எனலாம். சுவாசப்பையிற் கண்ட கட்டியொன்றை மெல்லிதாகச் சீவி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், அங்கே புற்றுக்கலங்கள் மாத்திரம் திரண்டு கிடப்பதில்லை. நார்களும், அந்நார்களை ஆக்கும் கலங்களும், புதிய குருதிக்குழாய்களும், வெண்குருதிக் கலங்களும் விரவிக் கிடக்கின்றன. சில கட்டிகளிற் பெரும்பகுதி இவ்வயலாரே.

இவ்வயலாருள் முதன்மையானவை நார்க்கலங்கள். பாடநூல்கள் நாரரும்பர் என்று கூறுவது இவற்றையே. கை வெட்டுண்டால் காயத்தை நோக்கிச் சென்று, கொலாஜன் என்னும் புரத நாரைச் சுரந்து, பிளவை மூடுவன இவை. சிறுவயது விளையாட்டு நம் முழங்காலில் விட்டுச் சென்ற தழும்பு இவற்றின் கைவேலை. தோலில் இவ்வேலை நன்மை பயப்பது. சுவாசப்பையில் அவ்வாறன்று. அங்கே 30 கோடிக்கும் மேற்பட்ட சிற்றறைகள் உள்ளன; ஒட்சிசன் ஊடுருவுமிடத்தில் அவற்றின் சுவர் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியது. அச்சுவரில் நார் படிந்து தடித்துவிட்டால் உள்ளே இழுத்த காற்றினால் ஆகும் பயன் குறைந்துபோகும். வெளிப்படையான காரணம் எதுவுமின்றிச் சுவாசப்பை சிறிது சிறிதாகத் தழும்பேறிப்போகும் நோயொன்று உண்டு. காரணமறியா நார்ப்பெருக்கம் என்று அதனைக் கூறலாம். நோய் இன்னதெனத் தெரிந்தபின், மருந்து கிடையாதவிடத்து, நோயாளரிற் பாதிப்பேர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துபடுகின்றனர். புற்றுநோய் என்றதும் நடுங்கும் நாம், இதன் பெயரைக்கூடக் கேட்டறியோம்.

தழும்பும் புற்றும் ஒரே உறுப்பில் அருகருகே காணப்படுவதால், இவற்றுள் எது முந்தியது என்னும் வழக்கு வைத்திய உலகில் எழுந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது நீடித்தது.

1939 ஆம் ஆண்டில் பிரீட்ரிக் என்னும் ஜேர்மானிய நோயியலறிஞர், சுவாசப்பையின் ஓரங்களில், அதன் உறைக்கு அண்மையிலுள்ள தழும்புகளின்மீது எழுந்த புற்றுக்களை விவரித்தார். 1943 இல் றோஸ்லே என்பார் ‘தழும்புப் புற்று’ என்ற பெயரால் இக்கருத்தை விரித்தெழுதினார். காசநோய் பெருகியிருந்த காலம் அது. காசம் ஆறியவிடத்தில் தழும்பு எஞ்சுதல் இயல்பு. புற்றுக்கட்டியை அறுத்துப் பார்த்தபோது நடுவிலே தழும்பு. அத்தழும்பிலே கரித்துகள் படிந்து கறுத்த நிறம். கறுத்திருப்பது பழையதாகத்தானே இருக்கவேண்டும்? கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பது நம்மவர் பழமொழி. ஜேர்மானியர் கூறியதும் ஏறக்குறைய அதுவே. என்றோ ஆறிய புண் ஒரு மனையாக நிற்க, பின்னாளில் வந்த புற்றுக்கலம் அதிற் குடியேறியது என்றனர். எளிதாக ஏற்கக்கூடிய விளக்கம். அதனாலேயே நெடுங்காலம் எவரும் அதனைத் துருவி ஆராயவில்லை போலும்.

துருவி ஆராய்ந்தவர் யப்பானியர். டோக்கியோ நகரின் தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த சிமோசாத்தோவும் அவருடன் பணிபுரிந்தோரும், சுவாசப்பை ஓரத்திலே தோன்றிய சிறிய புற்றுக்களைத் திரட்டி, நடுவிலுள்ள தழும்பின் அளவையும் தன்மையையும் நோயாளரின் பிற்கால நிலையுடன் ஒப்புநோக்கி, 1980 இல் தம் முடிவை வெளியிட்டனர். தழும்பு புற்றுக்கு முந்தியதன்று. புற்று வளர வளர அதனுள்ளேயே தோன்றி முதிர்வது என்பது அவர் கண்டது. கரி நிறத்துக்கும் விடை கிடைத்தது. கட்டியின் நடுவே சிற்றறைகள் சரிந்து ஒடுங்கும்போது, பரந்து கிடந்த கரித்துகள்களும் ஓரிடத்திற் செறிகின்றன. ஆகவே கருமை முதுமைக்குச் சான்றாகாது.

1984 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாட்ரியும் காட்டரும் இவ்வழக்கில் மற்றொரு சாட்சியைக் கொணர்ந்தனர். கொலாஜனிற் பல வகைகள் உள. புதிய தழும்பிலே மூன்றாம் வகை மிகுந்திருக்கும். நாட்செல்ல அது குறைந்து முதலாம் வகை மேலோங்கும். தழும்பின் வயதைக் கணிக்க இது நல்ல அளவுகோல். புற்றின் நடுவேயுள்ள தழும்பில் அவர்கள் கண்டது மூன்றாம் வகையின் மிகுதியையே. பழைய காசத்தின் எச்சம் என்று கருதப்பட்டது அண்மையில் நெய்யப்பட்ட நார் என்று துணியப்பட்டது. நாகமே கறையானை வரவழைத்துத் தனக்கு மனை எடுப்பித்துக்கொண்டது என்று பழமொழியைத் திருப்பிச் சொல்லவேண்டியதாயிற்று.

இது வெறும் ஏட்டு வழக்கென்று எண்ணற்க. 1995 இல் நொகுச்சியும் சிமோசாத்தோவும் பிறரும், இரண்டு சென்ரிமீற்றருக்கு மேற்படாத 236 கட்டிகளை ஆராய்ந்து வகைப்படுத்தினர். இவையாவும் சுரப்பிப் புற்று என்னும் இனத்தைச் சேர்ந்தவை, சத்திரசிகிச்சையால் அகற்றப்பட்டவை. சிற்றறைச் சுவர்களை ஒட்டியே படர்ந்து, நார்க்கலங்கள் விழித்தெழாதிருந்த கட்டிகளை உடையோர் அனைவரும் ஐந்தாண்டு கடந்தும் உயிருடனிருந்தனர். அதேபோற் படர்ந்த கட்டியில் நார்க்கலங்கள் சுறுசுறுப்பாகப் பெருகிய இடம் காணப்பட்டால், ஐந்தாண்டு வாழ்ந்தோர் நூற்றுக்கு 75 பேர் அளவினரே. பருமனில் இரண்டும் ஒன்று. வெறுங்கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. நார்க்கலம் எழுந்ததா எழவில்லையா என்பதே நான்கில் ஒரு பங்கினரின் உயிரை நிறுக்கும் தராசாக நின்றது.

அவ்வாறாயின் புற்றுக்கலம் நார்க்கலத்தை எழுப்புவது எங்ஙனம்? காயம் ஏதுமில்லாத இடத்தில் காயம் ஆற்றும் கலம் ஏன் வருகிறது?

பொஸ்ரன் நகரத்து நோயியலறிஞர் ஹரல்ட் டுவோராக் 1986 இல் எழுதிய கட்டுரையொன்று இதற்கு வழிகாட்டியது. புற்றுக்கட்டிகள் ஆறாத புண்கள் என்பது அவர் துணிபு. புண்பட்ட இடத்திற் குருதிக்குழாய் கசியும். கசிந்த நீரிலுள்ள புரதம் வலைபோல உறையும். அவ்வலையைப் பற்றிக்கொண்டு நார்க்கலங்களும் புதிய குழாய்களும் உட்புகும். பின்னர் வலை கரைந்து அவ்விடத்தில் தழும்பு நிற்கும். புற்றுக்கலமும் குழாய்களைக் கசியச் செய்யும் பொருளொன்றைச் சுரக்கிறது என்பதை அவருடைய ஆய்வுகூடத்தார் 1983 இலேயே கண்டிருந்தனர். அப்பால் நிகழ்வன யாவும் புண்ணில் நிகழ்வனவே. ஒன்றே வேறுபாடு. புண் மூடியதும் அபாயக் குரல் ஓய்கிறது. புற்று இருக்கும்வரை அக்குரல் ஓய்வதில்லை.

அக்குரலின் சொற்கள் எவை என்று தேடியோர் பலவற்றைக் கண்டனர். அவற்றுட் பெரியது உருமாற்ற வளர்ச்சிக் காரணி பீற்றா. பெயர் நீளமானது, இங்கே பீற்றாக் காரணி என்றே சுருக்கி வழங்குவோம். 1978 இல் டி லார்க்கோ, ரொடாரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், புற்றாக மாறிய கலங்கள் வளர்ந்த திரவத்தை எடுத்து நல்ல கலங்களுக்கு ஊட்டினர். நல்ல கலங்களும் புற்றுக்கலங்களைப்போல நடக்கத் தலைப்பட்டன. அத்திரவத்திற் கலந்திருந்த காரணிகளைப் பின்னர்ப் பிரித்து இனங்கண்டோருள் அனிற்றா றொபேட்ஸ் அம்மையாரும் மைக்கல் ஸ்போர்னும் தலையானவர்கள். 1986 இல் அவர்கள் செய்து காட்டியது எளிமையான பரிசோதனை. ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினுங் குறைந்த அளவு பீற்றாக் காரணியைப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் தோலின் கீழ்ச் செலுத்தினர். இரண்டு மூன்று நாளில் அவ்விடத்தில் நார்க்கலங்கள் திரண்டு கொலாஜனைச் சுரந்தன. புதிய குருதிக்குழாய்களும் தோன்றின. ஒரு துளிப் புரதம் போதும், காயமின்றியே தழும்பு வரும் என்பது ஐயமற நிறுவப்பட்டது. தம் ஆயுளின் பெரும்பகுதியை இப்புரதத்துக்கே ஈந்த அம்மையார் 2006 இல் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார்.

இப்புரதத்தின் இயல்பில் ஒரு வஞ்சகம் உண்டு. நலமுள்ள மேலணிக் கலத்தை அது பெருகவொட்டாது தடுக்கும். அதாவது, புற்றுக்குப் பகைபோலத் தோன்றும். புற்றுக்கலமோ அத்தடைக்குச் செவிகொடாத நிலையை மெல்லமெல்ல எய்திவிடுகிறது. தனக்கு ஊறில்லாத அப்புரதத்தைத் தாராளமாகச் சுரந்து அயலாரை ஏவுகிறது.

ஏவப்பட்ட நார்க்கலம் பழைய நார்க்கலமாக இருப்பதில்லை. 1971 இல் கபியானியும் அவர்தம் தோழரும் ஆறும் புண்ணிலே கண்ட ஒருவகைக் கலம், நாரைச் சுரப்பதோடு தசையைப்போலச் சுருங்கவும் வல்லதாயிருந்தது. தசைநார்க்கலம் என அதனை அழைக்கலாம். காயத்தின் இரு கரைகளையும் இழுத்து ஒன்றுசேர்ப்பது இதுவே. பீற்றாக் காரணி பட்டதும் நார்க்கலம் இவ்வடிவை எடுக்கிறது. வேலை முடிந்ததும் இக்கலங்கள் தாமே மடிந்தொழிவது காயத்தின் முறை. நார்ப்பெருக்க நோயிலும் புற்றிலும் அவை மடிவதில்லை. இழுத்துக்கொண்டே இருக்கின்றன.

அவ்விழுவையின் விளைவு வியக்கத்தக்கது. பீற்றாக் காரணி பெரும்பாலும் உறைக்குள் அடைபட்ட நிலையிலேயே கலங்களுக்கு வெளியேயுள்ள நார்வலையிற் சேமித்து வைக்கப்படுகிறது. கலம் அவ்வுறையைப் பற்றி இழுத்தால் உறை விரிந்து காரணி வெளிப்படும். மெத்தென்ற இழையத்தில் இழுத்தாலும் உறை வலையோடு சேர்ந்து வந்துவிடும், விரியாது. கடினப்பட்ட தழும்பிலோ மறுமுனை அசையாது நிற்பதால் உறை எளிதில் விரிகிறது. ஆகவே தழும்பு கடினமாகுந்தோறும் தழும்பை விளைக்கும் காரணி மேலும் வெளிப்படுகிறது. அது வெளிப்படுந்தோறும் தழும்பு மேலும் கடினமாகிறது. தொடக்கத்தில் அழைத்தது புற்றுக்கலமேயாயினும், ஒரு நிலைக்குப் பின் நார்க்கலங்கள் தம்மைத் தாமே ஏவிக்கொள்கின்றன. ரொறன்ரோ நகரத்து ஆய்வாளர் 2011 இல் வெளியிட்ட முடிவும் இதற்கு இயைந்தது. சுவாசப்பைப் புற்றுநோயாளர் 15 பேரின் கட்டியிலிருந்தும், அதே நோயாளரின் நோயற்ற பகுதியிலிருந்தும் நார்க்கலங்களை எடுத்துத் தனித்தனியே வளர்த்தனர். கட்டியிலிருந்து பிரிந்த பின்னும் முதலாவது கூட்டம் தன் குணத்தை விடவில்லை. புற்றுக்கலத்துடன் சேர்த்துச் சுண்டெலியில் வைத்தபோது கட்டியைப் பெரிதும் வளர்த்தது அக்கூட்டமே.

இனி, கட்டிய மனை குடியிருப்பவனுக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம். சுவாசப்பைப் புற்றுக்குரிய புதிய மருந்துகளுட் சில, புற்றுக்கலத்தின் மேலுள்ள வளர்ச்சி வாங்கியொன்றை அடைப்பவை. அவற்றுள் முன்னோடியான ஜெபிற்றினிப் எத்தனையோ பேரைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. ஆயின் காலப்போக்கில் அது பயன்படாமற் போவதும் வழக்கம். யப்பானின் கனசாவா பல்கலைக்கழகத்தார் 2009 இல் ஒரு காரணத்தை வெளியிட்டனர். நார்க்கலங்கள் சுரக்கும் வேறொரு வளர்ச்சிப் புரதம், மருந்து அடைத்த வாயிலை விடுத்து மற்றொரு வாயில் வழியாகப் புற்றுக்கலத்துக்கு உயிரூட்டுகிறது என்று கண்டனர். மருந்தின் குறி தவறவில்லை. அயலார் செய்த உதவியே அதனைத் தோற்கடித்தது. 2012 இல் பாரிஸ் நகரிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. நோயாளரின் சுவாசப்பைக் கட்டிகளைத் துண்டுகளாக்கி, உயிரோடிருக்கும்போதே நுணுக்குக்காட்டியில் நோக்கினர். உடலைக் காக்கும் ரீ கலங்கள் நார் ஐதாக உள்ள இடங்களில் ஓடித்திரிந்தன. நார் அடர்ந்து புற்றுத்தீவுகளைச் சூழ்ந்த இடங்களில் உட்புக மாட்டாது நின்றன. கொலாஜனைக் கரைக்கும் நொதியத்தை இட்டதும் புற்றுக்கலங்களை நெருங்கின. காவலர் இல்லாமையாலன்று, மதிலைக் கடக்க இயலாமையால் அந்நகர் காக்கப்படவில்லை.

இவ்வளவும் கேட்டவர், ஜேர்மானியர் முற்றாகப் பிழைத்தனர் என்று முடிவுகட்டக்கூடும். அது நீதியன்று. காரணமறியா நார்ப்பெருக்கம் உடையோருக்குச் சுவாசப்பைப் புற்று வரும் வாய்ப்பு ஏனையோரிலும் பல மடங்கு அதிகம். புகைத்தலை விலக்கிக் கணித்தாலும் அம்மிகுதி மறைவதில்லை. புற்றும் பெரும்பாலும் தழும்பேறிய பகுதியிலேயே தோன்றுகிறது. அங்கே கறையான் எடுத்த மனையிற்றான் நாகம் புகுகிறது. பழமொழி இரு திசையிலும் செல்லும் என்பதே இன்றைய அறிவு. இவ்விடயத்தில் ஒரு தரப்பையே பற்றிநின்று வாதிட்டவர்களைக் காட்டிலும், ஒவ்வொரு கட்டியையும் தனித்தனியே அறுத்துப் பார்த்தவர்களிடமே எமக்கு மதிப்பு மிகுதி.

இரண்டு நோயும் ஒருவரிடம் கூடும்போது சத்திரவைத்தியர் படும் இடர் சொல்லுந்தரமன்று. யப்பானில் 61 வைத்தியசாலைகள் சேர்ந்து ஆராய்ந்த முடிவு 2014 இல் வெளிவந்தது. தழும்பேறும் நோயினமும் புற்றும் ஒருங்கே உடைய 1763 பேருக்குப் புற்றை வெட்டி அகற்றியபின் பார்த்தபோது, நூற்றுக்கு 9 பேருக்குச் சற்று மேற்பட்டோரிடம் தழும்பு நோய் திடீரென மூண்டெழுந்தது. அவ்வாறு மூண்டவர்களில் நூற்றுக்கு 44 பேர் அளவில் இறந்தனர். கத்தி புற்றை நீக்கியது. கத்தி பட்ட காயமே நார்க்கலங்களுக்கு மற்றோர் அழைப்பாயிற்றோ என ஐயுறவேண்டியுள்ளது.

அழைப்பையே அடைத்துவிடும் மருந்து உண்டா? நின்ரடனிப் என்பது புற்றுக்கெனவே முதலில் ஆக்கப்பட்டது. கலங்கள் செய்தி வாங்கும் மூன்று வகை வாயில்களை அது அடைக்கிறது. அவற்றுள் ஒன்று, புற்றுக்கலங்களும் குருதிச் சிறுதட்டுக்களும் நார்க்கலங்களைக் கூவியழைக்கப் பயன்படுத்தும் காரணிக்குரியது. 2014 ஒக்ரோபரில் அமெரிக்கா அதனை நார்ப்பெருக்க நோய்க்கு ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பா, வேறொரு மருந்துடன் சேர்த்து, சுவாசப்பையின் சுரப்பிப் புற்றுக்கு ஏற்றுக்கொண்டது. ஒரே குளிகை இரு நோய்க்கும் உரியதாயிற்று. ஆனால் அது தழும்பை அழிப்பதில்லை. மூச்சு குன்றும் வேகத்தைக் குறைக்கிறது. நார்க்கலங்களை அடியோடு ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்போருக்கும் 2014 இலேயே விடை வந்தது. சதையிப் புற்றுள்ள சுண்டெலிகளிலே தசைநார்க்கலங்களை ஒழித்தபோது, புற்று அடங்குவதற்குப் பதிலாக முன்னிலும் மூர்க்கமாகப் பரவி, எலிகள் விரைவில் இறந்தன. நாருக்கு மதிலாக நின்று காப்பதோடு, வேலியாக நின்று தடுக்கும் குணமும் உண்டுபோலும்.

நார்ப்பெருக்கமும் புற்றும் ஒருங்கே உடைய 243 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்குப் புற்று மருந்துடன் நின்ரடனிப்பையும் சேர்த்துக் கொடுத்து யப்பானியர் ஆராய்ந்தனர். தழும்பு நோய் மூளாமல் வாழ்ந்த காலம் ஒரு கூறில் ஏறத்தாழ 15 மாதம். மற்றையதில் ஏறத்தாழ 12 மாதம். அவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று கணிதம் கூறிற்று. எண்ணிய பயன் நிறுவப்படவில்லை. எனினும் மருந்து சேர்த்ததால் அந்நோயாளருக்குப் பெருங்கேடு மிகவில்லை என்பதையும், சில வகைப் புற்றுடையோர் நெடிது வாழ்ந்தனர் என்பதையும் அவர்கள் குறித்துவைத்துள்ளனர்.